விதைநெல்லும் எருமைத் தயிரும்

முற்காலத்து ராசாக்கள் கொலுவில் வந்து உட்கார்ந்ததும், "மந்திரி, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்பார்கள் என்பது மக்களிடையே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. கூத்து மேடைகள் பரப்பிய இந்தப் பெரும்பிழையை இனியும் வளரவிடுவது நாட்டுக்கு நல்லதல்ல. மழை பெய்ததா என்பது சன்னலைத் திறந்தால் தெரிந்துவிடும். ராசாக்கள் உண்மையில் கேட்ட கேள்வி, "இன்று மதியத்துக்கு என்ன?" என்பதே.

ஒரு காலத்தில் சாரலூர் நாட்டை ஆண்ட மகுடவர்மரே இதற்குச் சான்று. அவருக்குக் கெட்டித் தயிர் என்றால் உயிர். அதற்கு அடுத்தபடியாக, தந்தத்தில் ஓர் ஊஞ்சல் மண்டபம் கட்டவேண்டும் என்ற ஆசை.

அறுப்பு முடிந்த ஒருநாள் பண்டார அதிகாரி பூவராகன் சபையில் எழுந்தான். மந்திரியின் ஆசனத்தின்மேல் அவனுக்கு வெகுநாளாகவே ஒரு கண்.

"பிரபு, நம் விளைச்சல் நான்கு வழியாகப் போகிறது. குடிகள் தின்பது ஒன்று. விதைநெல், ஏரிக்கரை, உழவுமாடு என்று அடுத்த வருஷத்துக்காகப் போவது ஒன்று. எல்லை தாண்டிப் போய் உப்பாகத் திரும்புவது ஒன்று. அரண்மனைக்கு வருவது ஒன்று."

"நான்கில் ஒன்றுதானா எனக்கு?" என்றார் ராசா. அவருடைய முகம் சுருங்கிவிட்டது.

"அதுதான் எனக்கும் பொறுக்கவில்லை. அதிலும் விதை என்று சொல்லி நல்ல நெல்லைக் கொண்டுபோய்ச் சேற்றில் வீசுகிறார்களே! முதலில் அதை அரண்மனைப் பங்கோடு சேர்ப்போம். மற்றவை பின்னாலேயே வந்துவிடும். தைக்குள் மண்டபம் எழும்பிவிடும்."

சபை முழுவதும் தலையாட்டியது. மந்திரி காளத்தியார் மட்டும் ஆட்டவில்லை.

"என்ன காளத்தியாரே, கழுத்தில் சுளுக்கா?"

"கழுத்து நன்றாக இருக்கிறது பிரபு. அதனால்தான் ஆடவில்லை."

ராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை விதைநெல் வண்டிகள் கோட்டைக்கு வரப்போகின்றன. அதற்குள் பூவராகன் சொல்வது தப்பு என்று காட்டும். இல்லையானால் உம் முத்திரை மோதிரம் அவன் விரலுக்குப் போகும்."

மோதிரத்தைப் பற்றிக் காளத்தியார் கவலைப்படவில்லை. கோடையில் அது விரலை இறுக்கத்தான் செய்தது. ஆனால் விதை போய்விட்டால் ஆடியில் நாடே வெறும் கையோடு வயலில் நிற்கும். அதை நினைத்துக்கொண்டே அவர் சிரித்த முகத்தோடு சொன்னார்:

"நாட்டில் செய்வதற்கு முன் கோட்டைத் தயிரில் செய்து பார்ப்போம் பிரபு. அங்கேயும் இதே நான்கு வழிதான். கோட்டைக் குடிகள் சாப்பிடுவது, மறுநாள் பாலுக்கு உறைமோராக நிற்பது, உப்பளத்துக்குப் பண்டமாற்றாகப் போவது, தங்கள் இலைக்கு வருவது. இனி எல்லாமே தங்கள் இலைக்கு வரட்டும். மேற்பார்வையும் பூவராகருடையதாகவே இருக்கட்டும்."

"தயிர்தானே!" என்றான் பூவராகன். "பிரபு குளிக்கிற அளவுக்குக் கொண்டுவருகிறேன்."

சொன்னபடியே மறுநாள் மதியம் கோட்டையின் அத்தனை வீட்டுப் பானைகளிலிருந்தும் தயிர் வழித்துத் துடைத்துக்கொண்டு வரப்பட்டது. ராசா அரைக்கச்சையைத் தளர்த்திக்கொண்டு சாப்பிட்டார். "பார்த்தீரா காளத்தியாரே?"

"பார்த்தேன் பிரபு. நாளைக்கும் பசிக்குமே, அதையும் பார்க்கிறேன்."

அன்று மாலை அவர் மடைப்பள்ளித் தாழ்வாரத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, சமையற்காரன் சிதம்பியின் குரல் உள்ளேயிருந்து கேட்டது.

"ஐயா, பாலைக் காய்ச்சி ஆறவெச்சாச்சு. உறை ஊத்த ஒரு சொட்டு மோர் இல்லே."

"பக்கத்து வீட்டில் வாங்கு" என்றான் பூவராகன்.

"பக்கத்து வீட்டுப் பானையையும் நீங்கதானே வழிச்சுட்டு வரச் சொன்னீங்க?"

புளியைப் போட்டுப் பார்த்தார்கள். பால் திரிந்தது. காளத்தியார் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஆனால் மறுநாள் மதியம் ராசாவின் இலையில் தயிர் இருந்தது! முந்தைய நாளைவிடக் கெட்டியாகவே இருந்தது. பூவராகன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். ராசா காளத்தியாரிடம் கையை நீட்டி, "மோதிரத்தைக் கழற்றும்" என்றார்.

"கழற்றுகிறேன் பிரபு. அதற்கு முன் எனக்கும் ஒரு கரண்டி கிடைக்குமா?"

காளத்தியார் வாயில் போட்டுச் சப்புக்கொட்டினார். "அருமை! சுண்ணாம்பு போல வெள்ளை, கத்தியைக் குத்தினால் நிற்கும். முதல்தரமான எருமைத் தயிர்."

ராசாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. எமனுடைய வாகனம் என்று எருமையைக் கோட்டைக்குள்ளேயே விடாதவர் அவர்.

"பூவராகா, இது எங்கே கறந்தது?"

"நம் ஊர்களில் கேட்டால் மந்திரி காதுக்கு எட்டிவிடும் என்று... ராத்திரியே ஆளனுப்பி... அண்டை நாட்டில்..."

"சும்மாவா கொடுத்தார்கள்?"

பூவராகன் மீசையிலிருந்து கையை எடுத்தான். "பட்டத்து யானையின் நெற்றியில் கட்டுகிற பொன்சரிகை முகபடாத்தைக் கொடுத்தேன் பிரபு."

சுற்றி நின்றவர்களில் யாரோ இருமினார்கள். காளத்தியார் பேசினார். "கோட்டையில் இன்றைக்கு எவ்வளவு தயிர் என்று யாராவது கேட்டால் இதைச் சேர்த்துச் சொல்ல முடியாது பிரபு. இது அவர்கள் நாட்டு விளைச்சல். நம் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டியது."

"கழித்தால் மிச்சம்?"

"இலை."

"என் தயிர் எங்கே ஐயா போயிற்று?"

"நேற்று சாப்பிட்டீர்களே, இன்றைய தயிரும் நாளைய தயிரும் அதிலேயே இருந்தன. பானையில் ஒரு கரண்டி விட்டுவைத்ததை வீண் என்று பூவராகர் நினைத்தார். விதைநெல்லும் அந்தக் கரண்டி மோர்தான் பிரபு. வெள்ளிக்கிழமை வண்டிகள் வந்தால் இந்த வருஷம் ஊஞ்சலாடுவீர்கள். அடுத்த வருஷச் சோற்றுக்கு எத்தனை யானையின் முகபடாத்தைக் கழற்றிக் கொடுப்பது?"

ராசா இலையை ஒதுக்கித் தள்ளினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் காளத்தியார் கழுத்தில் போட்டார். வண்டிகளை வந்த வழியே திருப்பும்படி குதிரைவீரர்கள் பறந்தார்கள்.

"பூவராகா, நீ செம்பை எடுத்துக்கொள். பட்டு அங்கவஸ்திரத்தோடு ஊர் ஊராகப் போய் உறைமோர் வாங்கிவா."

முதல் ஊரிலேயே ஒரு பெண்மணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க, வீட்டில ஒரு சொட்டு மோர் இல்லையாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே செம்பு நிறைய ஊற்றினாள்.

அந்த வருஷத் தேரோட்டத்தில் பட்டத்து யானை வெறும் நெற்றியோடு நடந்தது. அண்டை நாட்டில் எருமை ஒன்று பொன்சரிகை முகபடாம் கட்டிக்கொண்டு குட்டையில் படுத்திருந்ததாக வழிப்போக்கர்கள் சொன்னார்கள்.