துளசிமணி ஜெயித்த சண்டை

"நான் செஞ்சதுல என்னங்க டீச்சர் தப்பு?"

மாடி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே துளசிமணி கேட்டுவிட்டாள்.

ரிஸ்வானா டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. துளசிமணிக்கு நாற்பத்தெட்டு. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருபது வருஷம் சங்கத்துக்குக் கொடி பிடித்தவள், இப்போது ரிஸ்வானாவிடம் டூலா வேலை பழகுகிறாள். வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும்வரை தாயின் பக்கத்திலேயே இருப்பதுதான் டூலாவின் வேலை. ஊசி, மருந்து எதையும் தொடக்கூடாது. துளசிமணிக்கு ஊசி எதற்கு? வாய் ஒன்று போதும்.

"என்னாச்சுங்க அக்கா? உக்காருங்க."

"உக்கார வரலைங்க. ஆஸ்பத்திரியில தாரணி பிரசவ வலியில கத்தறா. அந்த நர்ஸு, 'புருஷன்கிட்டப் போறப்ப இனிச்சுதா'ன்னு கேக்கறா. கேக்கலாமுங்களா?"

"கேக்கவே கூடாது. நானா இருந்தாலும் கொதிச்சிருப்பேன்."

"நான் சும்மா விடுவனா? கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி பெரிய டாக்டரு முன்னால நிறுத்தினேன். வராண்டாவே கூடிருச்சு. மன்னிப்புக் கேக்க வெச்சுட்டுத்தான் திரும்பினேன்."

"சரி."

"வந்து பாத்தா கொழந்தை பொறந்திருச்சு. தாரணி ஒரு நல்ல வார்த்தை சொல்லோணுமா இல்லையா? 'எங்க போனீங்க'ன்னு அழுவறா! அவங்கம்மா, இனி வீட்டுப் பக்கம் வர வேண்டாமுன்னுட்டாங்க. யாருக்காகப் போனேன்? ஆறு கடக்கற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. எனக்கு முதல் கேஸு இது. இதோட இந்த வேலைக்குக் கும்பிடு போட்டுறலாமுன்னு வந்தேன்."

ரிஸ்வானா எழுந்து உள்ளே போனாள். ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு ஐஸ் கட்டியோடு வந்தாள்.

துளசிமணிக்குத் தெரிந்த பயிற்சிதான். நிறைமாதப் பெண்கள் வலிக்குப் பழக, ஒரு கையில் ஐஸ் கட்டியை இறுக்கிப் பிடிப்பார்கள். துணைக்கு இருப்பவள் மறு கையைப் பிடித்துக்கொண்டு நேரம் சொல்லுவாள். துளசிமணி இதுவரை துணையாக மட்டுமே உட்கார்ந்திருக்கிறாள்.

"புடிங்க. நான் சொல்றவரைக்கும் விடக்கூடாது."

"எனக்கெதுக்குங்க இது? நான் என்ன புள்ளையா பெக்கப் போறேன்?"

"புடிங்க அக்கா."

எரிச்சலோடு நாற்காலியில் உட்கார்ந்து பிடித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளங்கை எரிந்தது. மறு கையில் ரிஸ்வானாவின் கை வெதுவெதுப்பாக இருந்தது.

"இருவது நொடி ஆச்சு. மெதுவா மூச்சு விடுங்க. இன்னும் கொஞ்சந்தான்."

தெருவில் கார் ஒன்று வந்து நின்றது. ரிஸ்வானா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"அட! உங்க ஸ்கூட்டரை மறிச்சு எவனோ காரைப் போடறான். இருங்க, என்னன்னு கேட்டுட்டு வர்றேன்."

"வண்டி கெடக்குது டீச்சர், நீங்க இருங்க..."

பிடித்திருந்த கை போய்விட்டது.

கீழே ரிஸ்வானாவின் குரல் தெருவையே தூக்கியது. "ஏனுங்க, கண்ணு தெரியலையா? எங்கக்கா எப்படி வண்டியை எடுப்பாங்க?" யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

துளசிமணியின் விரல்கள் வலித்தன. வலி மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. எத்தனை நொடி ஆயிற்று என்று சொல்ல ஆள் இல்லை. கீழே போடலாம், ரோஷம் விடவில்லை. மறு கை நாற்காலியின் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அதுவும் சில்லென்று இருந்தது.

கண்ணில் நீர் முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது. அந்த நர்ஸ்மேல்கூட இவ்வளவு கோபம் வந்ததில்லை.

ரிஸ்வானா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். முகமெல்லாம் வெற்றி.

"எடுக்க வெச்சுட்டேன் அக்கா! மன்னிப்பும் கேட்டுட்டான்."

"எங்க போனீங்க?" என்று கத்தினாள் துளசிமணி.

கத்திய பிறகுதான், அது தாரணி கேட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.