திறந்தே இருந்த இணைப்பு

"அவ கதவைச் சாத்திட்டா மேடம்," என்றார் தணிகாசலம்.

"யாரு?"

"ஜெசிந்தா. வேற யாரு?"

தணிகாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. வங்கி வேலையை விட்டு கணினி நிரல் எழுத வந்தவர். மெஹருக்கு முப்பத்து நான்கு. அவருக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தவள்.

ரத்ததானம் செய்பவர்களின் பட்டியல் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. அதற்கு இணைப்பைத் திறப்பது ஜெசிந்தா எழுதிய நிரல் பகுதி, அவர்கள் பேச்சில் பேக்கேஜ். அந்த இணைப்பின் வழியே ஆட்களைத் தேடுவது தணிகாசலத்தின் பேக்கேஜ். இரண்டும் நம்பியிருக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு, அதாவது லைப்ரரி, ஒன்றே.

மூன்று நாட்களாகத் தேடலுக்குப் பதில் இல்லை. தவறு என்றும் அது சொல்லவில்லை. காத்துக்கொண்டே இருந்தது.

"நாலு மணிக்கு மீட்டிங். அவளை வேலையை விட்டு எடுத்துடுங்கன்னு சொல்லப்போறேன். வேணும்னே பண்றா."

தடுப்புக்கு மேலே ஜெசிந்தாவின் தலை எழுந்தது.

"என் பக்கம் பச்சை எரியுது சார். இணைப்பு திறந்துதான் இருக்கு. உங்களுக்கு எங்க எரியுதோ!"

"பாத்தீங்களா அந்தச் சிரிப்பை?"

மெஹர் எழுந்தாள்.

"மீட்டிங் ரூமுக்குப் போங்க சார். நான் வந்து திறக்கிறேன். பேசுவோம்."

அவர் போனார். அறை பூட்டியிருந்தது. வெளியே நின்றார்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். மெஹர் போனை எடுக்கவில்லை.

இவளும் அவள் பக்கம்தானோ என்று நினைத்தார். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தது நினைவுக்கு வந்தது.

அரை மணி கழித்து மெஹர் மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

"ஏன் சார் வரல?"

"நான் வரலயா? நீங்கதான் வரல!"

"அப்பவே வந்துட்டேனே. கதவு திறந்திருக்கு, ஃபேன் ஓடுது, நாற்காலி போட்டிருக்கு."

"இங்கதான நிக்கிறேன்! பூட்டியில்ல இருக்கு!"

"மாடியில இருக்கிறதும் மீட்டிங் ரூம்தான் சார்."

"மேல இன்னொண்ணு இருக்குன்னு நான் எங்க..."

வாக்கியம் பாதியில் நின்றது.

அவர் தன் மேசைக்கு நடந்தார். கடைசிச் சில அடிகளில் ஓடினார்.

லைப்ரரி இரண்டு இடத்தில் இருந்தது. பொதுவில் ஒன்று. அவருடைய பேக்கேஜுக்குள் ஒன்று. அதே பெயர், அதே பதிப்பு. ஜெசிந்தாவின் இணைப்பு பொதுவானதில் திறந்திருந்தது. அவருடைய தேடல் மற்றதில் காத்திருந்தது. அங்கே யாரும் எதையும் திறந்ததே இல்லை.

போன வாரம் அவர்தான் அதைக் கொண்டுவந்து வைத்தார். பொதுவானதில் ஜெசிந்தா எதையாவது மாற்றிவிட்டால்? யாரிடமும் சொல்லவில்லை.

தன் பிரதியை அழித்தார்.

ஒரு நொடியில் முப்பத்தொரு பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ரத்த வகை, ஊர், தொலைபேசி எண்.

நான்கு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"யாரோட பேக்கேஜ்ல கோளாறு?" என்றார் மேலாளர்.

"என்னோடதுல," என்றார் தணிகாசலம். "லைப்ரரி ரெண்டு பிரதி இருந்தது. ரெண்டாவது நான் வச்சது."

"எதுக்கு வச்சீங்க?"

மெஹர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் ஜெசிந்தாவின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"காவலுக்கு," என்றார்.