ஓட்டிப் பார்த்த எடுத்துக்காட்டு

"நான் எழுதறதை ஒருத்தரும் படிக்கறதில்ல மேடம்," என்றார் தில்லைநாயகம்.

"அப்படியா சார்?" பெனாசிர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாம் விழலுக்கு இறைச்ச நீர்."

தில்லைநாயகத்தின் வயதில் பாதிதான் இருக்கும் பெனாசிருக்கு. ஆனாலும் அந்த அம்மாளைக் குரு என்றுதான் வெளியே சொல்லிக்கொள்வார். கேலியாக ஆரம்பித்தது, பிறகு நிஜமாகவே அப்படி ஆகிவிட்டது.

குரு செய்த கருவி அப்படிப்பட்டது. இணையத்தில் இருக்கும் ஒரு சர்வரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தடவை காட்டினால் போதும். அந்த ஏபிஐ கோரிக்கையை, அதாவது ஒரு கணினி இன்னொன்றுக்கு அனுப்பும் கட்டளையை, எந்த நிரல்மொழியில் வேண்டுமோ அதில் எழுதிக் கையில் கொடுத்துவிடும்.

அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஊர் உலகத்துக்கு விளக்கி எழுதுவது சீடரின் வேலை. அதற்கு முன் கிரைண்டர் கம்பெனியில் அதே வேலை பார்த்தவர். அங்கே "அரிசியை ஊற வைக்கவும்" என்று எழுதினால் நாலு பேராவது ஊற வைத்தார்கள்.

குரு ஒரே ஒரு விதிதான் சொல்லியிருந்தார். தானே கணினியில் ஓட்டிப் பார்க்காத எடுத்துக்காட்டை எழுதக் கூடாது.

"வீட்ல எப்படி இருக்காங்க சார்?"

சீடரின் முகம் வாடியது.

"கற்பகத்துக்குத்தான் முடியல. பெல் அடிக்குது மேடம். போய்த் தொறந்தா யாரும் இல்ல. சமைக்கறப்ப அடிக்குது, சாமி கும்பிடறப்ப அடிக்குது. பொண்ணு வந்து நிக்கறாங்கறா."

மகள் சுடர்க்கொடி அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, அம்மா போட்ட சோற்றைக்கூடத் தொடாமல் போனவள். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

"ஒவ்வொரு தடவையும் ஓடறா. வாசல்ல அவ தேய்ச்சுக்கற எண்ணெய் வாசம் அடிக்குதாம். குளிக்கக்கூடப் போக மாட்டேங்கறா, அந்நேரம் பார்த்து வந்துட்டுப் போயிட்டான்னா என்ன பண்றதுன்னு. எனக்குப் பயமா இருக்கு மேடம்."

குரு, சீடர் எழுதிய பக்கத்தைத் திறந்தார். முதல் எடுத்துக்காட்டை அப்படியே நகலெடுத்து ஒட்டினார். என்டர் தட்டினார்.

சீடரின் போன் அடித்தது.

"என்னங்க, வந்துட்டுப் போயிட்டா!" கற்பகத்துக்கு மூச்சு வாங்கியது. "இப்பதான். நான் கதவைத் தொறக்கறதுக்குள்ள..."

தில்லைநாயகம் திரையைப் பார்த்தார்.

விதியை மீறக் கூடாதே என்று, கைக்குக் கிடைத்ததை வைத்து அவர் ஓட்டிப் பார்த்த எடுத்துக்காட்டு அது. பம்மலில் அவர் வீட்டு வாசலில் மாட்டிய, எங்கிருந்தும் அடிக்க வைக்கக்கூடிய இன்டர்நெட் பெல். அதை அடிக்க வைக்கும் முகவரியும் ரகசியச் சாவியும் அசலாக அப்படியே பக்கத்தில் இருந்தன. பொய்யானதைப் போட்டு மாற்ற மறந்திருந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

"அப்ப இத்தனை நாளும் பெல்லை அடிச்சது..."

"படிச்சவங்க சார்," என்றார் குரு.

எந்தெந்த ஊரிலோ யார் யாரோ, என்னதான் ஆகிறது பார்ப்போமே என்று ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார்கள். இங்கே ஒருத்தி கை ஈரத்தோடு வாசலுக்கு ஓடியிருக்கிறாள்.

சீடர் அங்கேயே உட்கார்ந்து அந்தச் சாவியைச் செல்லாததாக்கினார். குரு மறுபடி என்டர் தட்டிப் பார்த்தார். 'அனுமதி இல்லை' என்றது திரை.

சீடர் போனை எடுத்தார்.

"அவங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க சார்?"

"உண்மையைத்தான். அடிச்சது எல்லாம் மெஷின்னு."

"எல்லாமேவா?"

"பின்னே?"

சீடர் வீட்டு எண்ணைத் தட்டினார்.

"கற்பகம், அது அவ இல்ல. தப்பு என்னோடது. கம்ப்யூட்டர்தான் அடிச்சிருக்கு. இனிமே அடிக்காது. அப்படியே அடிச்சாலும் மெஷின்தான், நீ எழுந்திருக்காத, என்ன?"

"அப்ப அவ வரவே இல்லையா?" என்றாள் கற்பகம்.

"வரல."

"எண்ணெய் வாசம்?"

"அதெல்லாம் பிரமைம்மா."

போனை வைத்ததும் அவருக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். சீடர் எடுத்துக்காட்டில் இருந்த முகவரியை அழித்துவிட்டு, இல்லாத ஒரு வீட்டின் முகவரியை எழுதினார்.

போன் மறுபடி அடித்தது.

"என்னங்க," என்றாள் கற்பகம். குரலில் பதற்றமே இல்லை. "மெஷின் அடிக்குது."

தில்லைநாயகம் குருவைப் பார்த்தார். குரு பழைய எடுத்துக்காட்டை ஓட்டினார். அனுமதி இல்லை. இன்னொரு முறை ஓட்டினார். அனுமதி இல்லை.

போனுக்குள் பெல் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒரு தடவை அடித்தது. கொஞ்சம் விட்டு, அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்ததுபோல் இன்னொரு தடவை அடித்தது.

"மேடம், இது எங்கேர்ந்து வருது?"

குரு கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த பெல்லுக்கு வெளியில ஒரு பட்டனும் இருக்கில்ல சார்?"

தில்லைநாயகம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கற்பகம்! தொற! ஓடிப் போய்த் தொற!"

"நின்னுபோச்சுங்க," என்றாள் கற்பகம்.