கனவில் தின்ற அதிரசம்

முன்னொரு காலத்தில், மன்னர் என்ன கனவு கண்டார் என்று கேட்காமல் எந்த அரசவையும் கூடாத காலத்தில், இரணவர்மர் என்றொரு மன்னர் இருந்தார். நல்லவர்தான். இனிப்பைக் கண்டால் மட்டும் நிதானம் போய்விடும். படுக்கப் போகும்போதுகூட ஒரு தட்டு லட்டு பக்கத்தில் இருக்க வேண்டும். அத்தனையும் தின்றுவிட்டுப் படுத்தால் நல்ல தூக்கம் எங்கே வரும்? யானை துரத்துவது போலவும் கிணற்றில் விழுவது போலவும் கண்டு அலறி எழுவார்.

அரண்மனை வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். "மகாராஜா, இனிச் சர்க்கரை, வெல்லம், தேன் எதையும் தொடக் கூடாது. தினமும் மாலையில் மல்லாந்து படுத்து, கால் விரலில் தொடங்கி உச்சி வரை உடம்பைத் தளரவிட்டு, மெல்ல மூச்சு விட வேண்டும்" என்றார்.

மன்னர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. "எனக்கு இனிப்புக் கொடுப்பவன் எவனாயினும், அன்று பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும்" என்று முரசறையச் சொன்னார். விசுவாசத்தைக் காட்ட இதைவிட நல்ல சமயம் மந்திரி மங்களவாணருக்கு வாய்க்குமா? "கொடுப்பதைப் பார்த்தும் தடுக்காமல் நிற்பவனுக்கும் அதே தண்டனை என்று சேர்த்துக்கொள்ளலாம், மகாராஜா" என்றார். சேர்த்துக்கொண்டார்கள்.

மாலையில் மன்னர் மல்லாந்து படுத்தார். மன்னர் படுத்திருக்க மற்றவர்கள் நிற்பது மரியாதையா? அரசவையே வரிசையாகத் தரையில் படுத்தது. தளபதி இடுப்பு வாளோடு படுத்துவிட்டு நெளிந்தார். புரோகிதர் கால் விரலைத் தளர்த்துவதற்குள் குறட்டை விட்டார். மந்திரியோ மன்னர் கண்ணில் படும் இடமாகப் பார்த்துப் படுத்து, வாசல்வரை கேட்கும்படி மூச்சு விட்டார்.

வைத்தியம் பலித்தது. யானையும் போயிற்று, கிணறும் போயிற்று. அவற்றுக்குப் பதிலாக நிறமும் மணமும் ருசியும் உள்ள நீளமான கனவுகள் வந்தன. எல்லாமே தின்பண்டம்! பால்கோவா மலை, ஜிலேபிச் சக்கரம் பூட்டிய தேர், பாயசத்தில் ஓடும் படகு. காலையில் அவை கூடியதும் மன்னர் ஆசை ஆசையாகச் சொல்வார்.

"என்ன அதிசயம்! அடியேனும் அதே கனவைக் கண்டேன்" என்பார் மந்திரி. மந்திரிக்கு வந்த கனவு தளபதிக்கு வராமல் போகுமா? கொஞ்ச நாளில் அவை முழுவதும் ஒரே கனவைக் காணத் தொடங்கிவிட்டது.

விகடன் சொக்கேசன் ஒருவன்தான், "எனக்கு ஒன்றும் வரவில்லை, மகாராஜா. மகள் கல்யாண வேலை. படுத்தது தெரியும், விடிந்தது தெரியும்" என்பான். மன்னர் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் மந்திரிக்கு வயிற்றெரிச்சல்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். மன்னர் வாடிய முகத்தோடு அவைக்கு வந்தார்.

"கனவில் சொக்கேசன் வந்தான். நெய் ஒழுகும் அதிரசத்தைத் தன் கையாலேயே ஊட்டினான். நானும் தின்றுவிட்டேன். விழித்த பிறகும் நாக்கில் தித்திப்புப் போகவில்லை. என் விரதம் கெட்டதோ என்று மனம் அடித்துக்கொள்கிறது."

மந்திரி துள்ளி எழுந்தார். "கெட்டதில் என்ன சந்தேகம், மகாராஜா? இவன் வீட்டில் இன்று அதிரசம் சுடுகிறார்கள். ஆணை மீறப்பட்டது. இவன் போக வேண்டியதுதான்!"

"கனவுதானே, மந்திரியாரே" என்று இழுத்தார் மன்னர்.

"அடியேனும் என் கனவில் கண்ணாரக் கண்டேனே!"

"நானும் கண்டேன்" என்றார் தளபதி. "நானும்" என்றார் புரோகிதர். அவை முழுக்க "நானும், நானும்" என்று கிளம்பியது. இத்தனை சாட்சிகளை வைத்துக்கொண்டு மன்னர் என்ன செய்வார்? "சொக்கேசா, பொழுது சாய்வதற்குள் புறப்படு" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

பந்தல் போட்ட வீட்டுக்குள் சொக்கேசன் நுழைந்து விஷயத்தைச் சொன்னதும், அதிரசம் சுட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி வள்ளியம்மை கரண்டியைக் கீழே போட்டாள்.

"விடிஞ்சா முகூர்த்தம்! அப்பன் இல்லாம பொண்ணை யாருய்யா தாரை வார்த்துக் குடுக்குறது?" என்று அழுதாள். அழுகையோடு ஆத்திரமும் வந்தது. "கனவுல நீ ஊட்டுனியாம், அத்தனை பேரும் பார்த்தாங்களாம். பார்த்துக்கிட்டே நின்னவங்கள்ல ஒருத்தராவது வேணாம்னு தடுத்தாங்களா?"

சொக்கேசன் அவளையே பார்த்தான். பிறகு மாப்பிள்ளை வீட்டாரை அழைக்கக் கட்டி வைத்திருந்த மாட்டு வண்டிகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு அரண்மனை வாசலுக்குப் போனான்.

"புறப்பட்டுவிட்டேன், மகாராஜா. கூட வருகிறவர்களுக்கும் வண்டி கொண்டுவந்திருக்கிறேன்" என்று வணங்கினான்.

"யார் வருகிறார்கள்?"

"மந்திரியார், தளபதியார், புரோகிதர், இந்த அவையில் உள்ள எல்லாரும். நான் ஊட்டியதைக் கண்ணாரக் கண்டார்கள். ஒருவர்கூடத் தடுக்கவில்லை. தடுக்காதவனுக்கும் அதே தண்டனை என்று ஆணையில் சேர்க்கச் சொன்னவர் மந்திரியார்தானே? அவருக்கு முன்வண்டியில் இடம் வைத்திருக்கிறேன்."

தளபதி முதலில் தொண்டையைக் கனைத்தார். "நான் சரியாகப் பார்க்கவில்லை, மகாராஜா. வாசனை மட்டும்தான் வந்தது." புரோகிதர், "நான் திரும்பிப் படுத்திருந்தேன்" என்றார்.

மன்னர் மந்திரியைப் பார்த்தார்.

"மகாராஜா... அடியேன் அந்தக் கனவைக் காணவே இல்லை."

"பால்கோவா மலை?"

"அதுவும் இல்லை."

"ஜிலேபித் தேரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததாகச் சொன்னீரே?"

"எனக்குக் கனவே வருவதில்லை, மகாராஜா!" என்று மந்திரி காலில் விழுந்தார்.

மன்னர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. வைத்தியர் ஓடிவந்து நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

"கனவில் நடந்தது எதுவும் செல்லாது. சொக்கேசன் எங்கும் போக வேண்டாம்" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு சற்றே வெட்கத்தோடு, "ஒன்றை நான் சொல்லாமல் விட்டேன், சொக்கேசா. அதிரசம் தின்ற மகிழ்ச்சியில் என் முத்துமாலையைக் கழற்றி உனக்குப் போட்டேன்" என்றார்.

சொக்கேசன் கைகூப்பினான். "தண்டனை செல்லாது என்றால் பரிசு மட்டும் எப்படிச் செல்லும், மகாராஜா? அதுவும் கனவில் நடந்ததுதானே?"

"செல்லாதுதான்" என்று சொல்லிக்கொண்டே மன்னர் மாலையைக் கழற்றினார். "அதனால்தான் இப்போது விழித்துக்கொண்டு போடுகிறேன்."

மறுநாள் முகூர்த்தத்தில், அந்த மாலையோடு சொக்கேசன் தன் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தான். நாட்டையெல்லாம் சிரிக்க வைத்தவன் அன்று குழந்தை போல அழுதான்.