மீசை வைத்த பாலன்

ஆனந்த கானாமிர்த நாடக சபாவில் மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் மற்ற ஆறு பேரை மடையர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய கணிப்பிலும் தப்பில்லை.

சபாவின் தலைவர் மாசிலாமணி வாத்தியார். ஆர்மோனியம் வாசிப்பவரும் அவர்தான், நாடகத்தை நடத்துகிறவரும் அவர்தான். கொஞ்ச காலமாக அவருக்கு மனசே சரியில்லை. கோயில் கொடை விழாக்களில் இப்போதெல்லாம் லைட் மியூசிக் வைக்கிறார்கள். கிரீடம் வைத்துக்கொண்டு பாடுகிறவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. ஆடி போய், ஆவணி போய், கார்த்திகையும் போயிற்று. வாத்தியார் அவ்வப்போது ஆர்மோனியத்தைத் திறந்து, உள்ளே எலி குடிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவைப்பார்.

மார்கழி பிறந்த மறுநாள், புன்னைத்துறைப் பங்குச் சாமியார் அமலதாஸ் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார்.

"வாத்தியாரே, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்க ஊர் மண்டபத்துல நாடகம் போடணும். ஆயர் ஆண்டகை, அதான் எங்க பிஷப், வாராங்க. அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா சுத்துப்பட்டு எல்லாத் திருவிழாவுக்கும் இனிமே நீங்கதான்."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "கதை என்ன சாமி?"

சாமியார் பொறுமையாகச் சொன்னார். மாதாவும் அவர் புருஷர் சூசையும் சத்திரத்துக்கு வருவார்கள். அங்கே இடமில்லை என்று விரட்டிவிடுவார்கள். மாட்டுத் தொழுவத்தில் பாலன் பிறப்பார். துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்துவார்கள். கிழக்கிலிருந்து மூன்று ஞானிகள் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்து, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் மூன்றையும் காணிக்கை வைத்துக் கும்பிடுவார்கள்.

"இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்திராதீங்க. நான் சொன்னது சொன்னபடி நடக்கணும்" என்றார் சாமியார்.

பாவம், அவருக்கு சபாவைப் பற்றித் தெரியாது.

அன்று மாலையே வேஷம் பிரிக்க உட்கார்ந்தார்கள். முதல் சிக்கல் ராஜபார்ட் கோமதிநாயகத்தால் வந்தது. முப்பது வருஷமாக ராஜாவைத் தவிர வேறு வேஷம் கட்டாதவர். தொந்தியும், இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசையுமாக இருப்பார்.

"இந்தக் கதையில கதாநாயகன் யாரு?" என்று கேட்டார்.

"பாலன்தான்" என்றார் வாத்தியார்.

"அப்ப நான்தான் பாலன்."

பபூன் உச்சிமாகாளி மெதுவாகச் சொன்னான். "அண்ணாச்சி, அது பச்சைப்பிள்ளைல்லா?"

"அதனால என்னவே? நான் பச்சைப்பிள்ளையா இருந்ததே இல்லையா? உங்க எல்லாரையும்விட அனுபவம் எனக்குத்தான் ஜாஸ்தி."

வாத்தியார் பாலனுக்கு நேரே அவர் பேரை எழுதிக்கொண்டார். மீசையை எடுப்பதா வேண்டாமா என்று வெகுநேரம் விவாதம் நடந்தது. மீசை சபாவின் சொத்து, அதை எடுக்கும் அதிகாரம் தனி ஒருவருக்குக் கிடையாது என்று முடிவாயிற்று. மூக்குவரைக்கும் துணி பொதிந்துவிட்டால் போதும்.

அடுத்தது ஞானிகள். மூன்று ஞானிகளுக்கு எங்கே போவது? சபாவில் ஆளுக்கு ஆள் 'நான் ஒருத்தன்தான் ஞானி' என்றார்கள். அந்தக் கணக்குப்படி மூன்று பேர் தேறவில்லை. கடைசியில் பக்கவாத்தியக்காரர்கள் மூவரையும் ஞானிகளாக்கினார் வாத்தியார். யார் என்ன பாடினாலும் தலையாட்டுகிறவர்களுக்கே ஞானி முகம் அமையும் என்பது அவர் அபிப்பிராயம்.

சொர்ணம்மாள்தான் மாதா. "மாதா ரொம்பப் பேசக்கூடாதும்மா, அமைதியா இருந்தாப் போதும்" என்று சாமியார் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் அவள் புருஷன் சாமியாருக்கு ஒரு மாலை வாங்கிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

சத்திரக்காரன் வேஷம் உச்சிமாகாளிக்கு. ஒத்திகையன்று அவன் சாமியாரிடம் சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டான்.

"யார் வந்தாலும் இடமில்லைன்னு சொல்லணுமா சாமி?"

"யார் வந்தாலும்."

"பெரிய மனுஷங்க வந்தா?"

"ஆண்டவரே வந்தாலும் அப்படித்தான். அதுதானய்யா கதையே!"

"கெஞ்சினா?"

"காலைப் பிடிச்சாலும் விடாத. 'பின்னால மாட்டுத் தொழுவம் இருக்கு, அங்க போங்க'ன்னு கையைக் காட்டு."

உச்சிமாகாளி அதை வீட்டிலும் வழியிலும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தான்.

நாடக நாள் வந்தது. மத்தியானமே எல்லாரும் வேனில் புன்னைத்துறை போய்ச் சேர்ந்தார்கள். ஊருக்கு மேற்கே தார் ரோடு, கிழக்கே கடல். மண்டபத்து மேடையில் ஓலையால் ஒரு தொழுவம் கட்டி வைத்திருந்தார் சாமியார். வாத்தியார் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தொழுவம் நிஜம் மாதிரி இருக்கணும்னு சாமி சொன்னாரு. இது நிஜம் மாதிரியா இருக்கு?"

"மாட்டு வாசனையே இல்லையே" என்றார் ராஜபார்ட்.

மண்டபத்துக்குப் பின்னால் சாமியார் பங்களா மாட்டுக்கு ஒரு தொழுவம் இருந்தது. நிஜம் மாதிரி இருப்பதில் நிஜத்தை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று நாடகத்தை அங்கே மாற்றினார் வாத்தியார். நாடகம் தொழுவத்தில், ஜனம் மண்டபத்தில், நடுவில் ஒரு சுவர். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

ஞானிகள் மூவரும் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். கிழக்கிலிருந்து வர வேண்டும். கிழக்கே கடல்தான் இருக்கிறது. ஆகவே கடலிலிருந்துதான் வர வேண்டும். ஒரு வள்ளக்காரரைப் பிடித்து ஏறிக்கொண்டார்கள். பேட்டரி லைட் வைத்த காகித நட்சத்திரத்தை வள்ளத்தின் முன்கொம்பில் கட்டினார் மிருதங்கம் பலவேசம்.

"எங்கவே போகணும்?" என்று கேட்டார் வள்ளக்காரர்.

"நட்சத்திரம் எங்க போகுதோ அங்க" என்றார் பலவேசம்.

வள்ளக்காரர் நட்சத்திரத்தைப் பார்த்தார். பலவேசத்தைப் பார்த்தார். பிறகு துடுப்புப் போட்டார். வள்ளம் எந்தப் பக்கம் திரும்பினாலும் நட்சத்திரமும் அந்தப் பக்கமே திரும்பியது. "பாத்தீரா, எப்படி வழிகாட்டுது!" என்று ஞானிகள் மெய்சிலிர்த்தார்கள். அப்படியே கடலில் வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள்.

கரையில் ஜனம் கூடத் தொடங்கியது. மண்டபத்து வாசலில் தலைப்பாகையும் கையில் தடியுமாக உச்சிமாகாளி நின்றான்.

"இடமில்லை" என்றான் முதலில் வந்தவரிடம்.

"மண்டபம் காலியால்லா கிடக்கு?"

"இடமில்லைன்னா இல்லை. பின்னால மாட்டுத் தொழுவம் இருக்கு, அங்க போங்க."

நாடகக்காரர்கள் ஏதோ புதுசாகச் செய்கிறார்கள் என்று ஜனம் பின்பக்கம் போயிற்று. ஊர்ப் பெரியவர்கள் போனார்கள், கன்னியர் மடத்து மதர் போனார், பட்டுச்சேலைக்காரிகள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் கார் வந்து நின்றது. ஆயர் இறங்கினார். கூடவே அமலதாஸ் சாமியாரும், சால்வை போட்ட ஒரு கல்லூரிப் பேராசிரியரும்.

"இடமில்லை" என்றான் உச்சிமாகாளி.

சாமியார் முகம் வெளிறிவிட்டது. "ஏய், ஆண்டகைய்யா!"

"ஆண்டவரே வந்தாலும்னு நீங்கதான சாமி சொன்னீங்க?"

"அது நாடகத்துக்குச் சொன்னது. தயவுசெஞ்சு வழியை விடு."

"கெஞ்சினாலும் விடாதன்னும் நீங்கதான் சொன்னீங்க" என்ற உச்சிமாகாளி, தடியைக் குறுக்கே நீட்டினான். அவன் கண்ணில் கண்ணீர் முட்டியது. பிறவியிலேயே நல்ல மனசுக்காரன்; ஆனாலும் தொழில் என்று வந்துவிட்டால் தொழில்தான்.

ஆயர் அங்கியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தொழுவத்தைப் பார்க்க நடந்தார். "பார்வையாளனையே நாடகத்துக்குள்ள இழுக்கிற உத்தி" என்று பேராசிரியர் கிசுகிசுத்தார். மறு நிமிஷமே சாணியில் காலை வைத்தார். உத்தி அவரையும் இழுத்துக்கொண்டது.

தொழுவத்தில் திரளான கூட்டம். ஆயர் வைக்கோல் போரில் உட்கார்ந்தார். கழுத்தில் ஆர்மோனியம் தொங்க, சூசையாக நின்றார் வாத்தியார். இந்த ஒரு நாடகம் தேறிவிட்டால் சபா பிழைத்துக்கொள்ளும். அவர் சுருதி பிடித்தார்.

தீவனத் தொட்டியில் ராஜபார்ட் நான்கு வேட்டிகளால் பொதியப்பட்டுக் கிடந்தார். மீசை தெரியக்கூடாது என்று சொர்ணம்மாள் வாயையும் சேர்த்து இறுக்கிவிட்டிருந்தாள். பாலன் பாட வேண்டிய இடம் வந்தது. "ம்ம்ம்" என்று சத்தம் வந்தது. வாத்தியார் மறுபடி எடுத்துக்கொடுத்தார். "ம்ம்ம்ம்!" பாலனின் முகம் கறுத்து, கண் பிதுங்கியது. பக்கத்திலேயே இருந்த சொர்ணம்மாளுக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் மாதா பேசக்கூடாதே!

மாடுதான் காப்பாற்றியது. தன் தொட்டியில் யாரோ படுத்திருப்பது அதற்குப் பிடிக்கவில்லை. வேட்டி நுனியைக் கவ்வி இழுத்தது. துணி விலகி மீசை வெளியே பாய்ந்தது. அடக்கிவைத்திருந்த மூச்செல்லாம் சேர்ந்து, "வந்தேனே! பாலன் வந்தேனே!" என்று உச்சஸ்தாயியில் பாட்டு வெடித்தது. மாடு மிரண்டது, தொட்டி உடைந்தது, பாலன் உருண்டு ஆயரின் காலடியில் போய் நின்றார். நின்ற இடத்திலும் சரணத்தை விடவில்லை.

அந்த நேரம் பார்த்து, வள்ளக்காரர் பசி தாங்காமல் கரைக்குத் திருப்பியதால், ஞானிகளும் நனைந்தபடி வந்து சேர்ந்தார்கள். பாலனைத் தேடினார்கள். தரையில் கிடந்தது கோமதிநாயகம் என்பது அவர்களுக்குத் தெரியும். அவரைக் கும்பிட மனம் வரவில்லை. மூலையில் முந்தாநாள் பிறந்த கன்றுக்குட்டி ஒன்று படுத்திருந்தது. அங்கே இருந்த ஒரே பச்சைப்பிள்ளை அதுதான். மூவரும் அதன் முன் சாஷ்டாங்கமாக விழுந்து காணிக்கை வைத்தார்கள். பொன்னும் சாம்பிராணியும் சரி. மூன்றாவதாக வெள்ளைப்பூண்டு இருந்தது. வெள்ளைப்போளம் ஒரு வாசனைப் பிசின் என்று தெரியாததால், வாத்தியார் எழுதிக்கொடுத்த சீட்டில் எழுத்துப்பிழையாக இருக்கும் என்று பலவேசமே திருத்திக்கொண்டார்.

எல்லாரும் ஆயரைப் பார்த்தார்கள். ஆயரின் தோள்கள் குலுங்கின. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து அவருக்குப் பேச்சே வரவில்லை.

"இத்தனை வருஷத்துல இடமில்லைன்னு என்கிட்ட யாரும் சொன்னதில்லை வாத்தியாரே. இனிமே நம்ம ஊர்கள் அத்தனையிலும் உங்க நாடகந்தான்" என்றார். கார் ஏறும்போது ஞானிகளின் முதுகில் தட்டி, வேடிக்கையாக ஒரு வார்த்தை சொன்னார். "ஞானிகள் வந்த வழியே திரும்பலை, வேற வழியா ஊருக்குப் போனாங்கன்னு வேதத்துல இருக்கு. பாத்துப் போங்க."

கார் போய்விட்டது. வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். யாரும் ஏறவில்லை.

"ஆண்டகை சொல்லிட்டாரு. வந்த வழியில போகக்கூடாது" என்றார் வாத்தியார்.

"அப்ப கடல் வழியா?" என்றான் உச்சிமாகாளி.

"அதுவும் ஞானிகள் வந்த வழிதான்வே."

"அது ஞானிகளுக்குத்தான? நாம நாலு பேரும் வேன்ல போயிருவமே?" என்றார் ராஜபார்ட்.

"போகலாம். ஆனா நாம ஞானிகள் இல்லைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகுமே!" என்றார் வாத்தியார்.

ராஜபார்ட் வேன் படியில் தூக்கிவைத்த காலைக் கீழே எடுத்துவிட்டார். ஏழு பேரும் ஒருமனதாக ஞானிகளானார்கள்.

புன்னைத்துறைக்கு வேறு வழி கிடையாது. வடக்கே உப்பளம், தெற்கே முள் அடர்ந்த உடைமரக் காடு. 'அது வேடிக்கைக்குச் சொன்னதய்யா' என்று சாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அதை ஆண்டகை வாயாலேயே கேட்க வேண்டும் என்றார்கள் இவர்கள். ஆண்டகையோ அதற்குள் ரோமுக்குப் போயிருந்தார். பக்கத்து ஊர்களிலிருந்து நாடகத்துக்குக் கூப்பிட ஆட்கள் வந்தார்கள். வழி கிடைத்ததும் வருகிறோம் என்று வாத்தியார் வெற்றிலை பாக்கை வாங்கிவைத்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு போட்டார்கள். ராஜபார்ட் மீன் குழம்பில் புளி தூக்கல் என்று குறை சொன்னார். பொங்கலும் வந்து போயிற்று.

பொறுத்துப் பார்த்த ஊர்க்காரர்கள் அரிவாளோடு தெற்கே இறங்கினார்கள். சோறு போடுவதைவிடக் காடு வெட்டுவது சுலபமாக இருந்தது. உடைமரங்கள் சாய்ந்தன, முள் கையைக் கிழித்தது, கடைசியில் ஒரு புதுப் பாதை விழுந்தது. சாமியார் பாதையை மந்திரித்து ஆசீர்வதித்தார். கொட்டு முழக்கத்தோடு ஏழு பேரையும் வழியனுப்பினார்கள். சில பேர் ஆனந்தத்தில் அழவே செய்தார்கள்.

சாமியார் பங்களாவுக்கு வந்து, சாய்வு நாற்காலியில் விழுந்து, காபியை வாயருகே கொண்டுபோனார். ஆர்மோனியச் சத்தம் கேட்டது.

வாசலில் ஏழு பேரும் நின்றார்கள். வாத்தியார் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சாமி, அந்தப் பாதை கொஞ்ச தூரம் போயி, நாங்க வந்த தார் ரோட்டுலதான் சேருது. நல்ல வேளை, காலை வைக்கறதுக்கு முந்தியே கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் பெருமையோடு. "வேற வழி இல்லையா சாமி?"

சாமியார் காபியைக் கீழே வைத்தார்.

"எனக்கும் வேற வழி தெரியலைய்யா" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "உலையில இன்னும் ஏழு பேருக்கு அரிசி போடு."