தண்ணிக்காக நின்ற ரயில்

ரயில் ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் நீராவி எஞ்சின் ஒசத்தியா, புது ரயில் ஒசத்தியா என்று கேலியும் கிண்டலுமாகச் சண்டை நடந்தது. ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி வேதரத்தினம்தான் அங்கே நாட்டாமை. நீராவிக் கட்சியில் கடைசியாக மிஞ்சியவர், மேலக்கரட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சங்கிலி ஒருவர்தான்.

"புது ரயில் செய்யாத எதையாவது அந்தக் கரி வண்டி செஞ்சிருக்கா? சொல்லும். இல்லேன்னா குழுவை விட்டே நீக்கிடுவேன்" என்றார் வேதரத்தினம்.

"எங்க ஊர்ல நின்னுச்சு சார்."

"தண்ணி பிடிக்க நின்னுச்சுய்யா! உமக்காகவா நின்னுச்சு?"

"தண்ணிக்காகவாவது நின்னுச்சே சார். டயாலிசிஸுக்குப் போற என் பொண்டாட்டிக்காகப் புது ரயிலை நிறுத்தச் சொல்லி மூணு மனு போட்டேன். 'அவசியமில்லை'ன்னு மூணு பதில் வந்துச்சு. மூணுலயும் உங்க கையெழுத்துதான்."

அந்தப் பதில்களையும் படமெடுத்து அனுப்பினார். குழுவே கைதட்டியது. வேதரத்தினம் குழுவிலிருந்து வெளியேறினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்து படுத்திருந்த செல்லக்கிளி, "ஜெயிச்சுட்டீங்களா?" என்று கணவரைக் கேட்டாள்.

"ஜெயிச்சுட்டேன்."

"அப்ப ரயில் நிக்குமா?"

சங்கிலி போனைக் கீழே வைத்துவிட்டு, வீங்கியிருந்த அவள் கால்களைப் பிடித்துவிடத் தொடங்கினார்.