பிரேக் இன்ஸ்பெக்டர் போட்ட பிரேக்

"எல்லாத்தையும் அறுத்தாச்சு தாயி. இன்னும் ஏன் காவி தரமாட்டேங்கீய?"

கேட்டவர் தில்லைநாயகம். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவர். போதும் இந்தப் பிழைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்து மேட்டில் இருக்கும் இந்த ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் அவரைத் தெரியும். அவரிடம் போன எந்த வண்டியும் முதல் தடவையில் தேறியது கிடையாது. அவ்வளவு கறார்.

பதில் சொல்ல வேண்டியவர் வல்லியம்மா. அவரைவிட நாலைந்து வயது இளையவர். குருதான். ஆனாலும் சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஊர்ப் பழக்கம் நாக்கை விட்டுப் போகுமா?

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னத்தை அறுத்தீய அண்ணாச்சி?"

"காப்பியை விட்டேன். பேப்பரை விட்டேன். போனைத் தூக்கிக் கிணத்துல போட்டேன்."

"அது குடிக்கிற தண்ணியாச்சே."

தில்லைநாயகம் அதைக் காதில் வாங்கவில்லை. "வெள்ளிக்கிழமை ஆனா பகவதி வந்து கீழே புளியமரத்தடியில நிக்கா. ஒரு தடவையாவது இறங்கிப் போயிருப்பனா? கேளுங்க."

பகவதி அவர் மனைவி.

"என்ன விஷயமா வாராவ?"

"மக உலகம்மை நிறைமாசமா இருக்காளாம். அப்பா பக்கத்துல வந்து நிக்கணும்னு அழுதாளாம். நான் போய்க் கேக்கல தாயி. அவ கீழே நின்னு கத்துதா, காதுல விழுந்துடுது. அதுக்கு நான் என்ன செய்ய?"

சொல்லிவிட்டுப் புளியமரம் இருந்த பக்கம் எட்டிப் பார்த்தார். சட்டென்று திரும்பிக்கொண்டார்.

அம்மா ஒரு காம்பை ஒடித்தார்.

"சைக்கிள்ல பிரேக் பிடிக்கல அண்ணாச்சி."

"தாயி, நான் கேட்டது காவி."

"நான் சொன்னது பிரேக்."

யாரோ பக்தர் வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கியிருக்கிறார், புண்ணியவான். ரெண்டு பிரேக் ஒயரும் துருப்பிடித்து அறுந்து தொங்கின. பிரேக் கட்டையில் ரப்பர் என்று பேருக்குக்கூட இல்லை.

"இத்தனை நாள் எப்படி நிறுத்தினீய?"

"காலைத் தேச்சுத்தான். ரெண்டு ஜோடி செருப்பு போச்சு." அம்மா கீரையை உதறினார். "நீங்க புதுசு போட்டுத் தாங்க. நாளைக்குக் கீழே ரோடு வரைக்கும் ஓட்டிப் பாப்போம். பிரேக் பிடிச்சா உங்களுக்குக் காவி."

தில்லைநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. லாரி பிரேக், பஸ் பிரேக் எல்லாம் அவர் கண் முன்னால் நடுங்கியிருக்கின்றன. இந்தச் சைக்கிள் எம்மாத்திரம்?

ஒரே ஒரு சங்கடம். ஆயுசு பூரா பிரேக்கைப் பரிசோதித்தாரே தவிர, ஒன்றையாவது மாட்டியது கிடையாது. அதை வெளியே சொல்ல முடியுமா? மானம் போய்விடும்.

கடைத்தெருவுக்குப் போய் ஒயர், அதன் மேல் போர்த்துகிற கறுப்புக் குழாய், பிரேக் கட்டை, திருகாணி எல்லாம் வாங்கி வந்தார். முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அப்புறம் ஹேண்டில் தரையில் மாட்டிக்கொண்டதால் நிமிர்த்தினார்.

முன்சக்கரத்து ஒயரைக் கோத்து, இழுத்து, திருகாணியை முறுக்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். பார்த்தால் கறுப்புக் குழாய் தரையில் கிடக்கிறது. அதற்குள் நுழைத்தல்லவா கோக்க வேண்டும்! திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கழற்றினார். ஒயரின் நுனி பிரிந்து விரலில் குத்தியது. துறவிக்குரிய வார்த்தையா அப்போது அவர் வாயில் வந்தது? அதை விடுங்கள்.

ஒருவழியாகப் பின்பிரேக்குக்கு வந்தார். குழாய் நீளமாக இருந்தது. ஹேண்டிலுக்கு முன்னால் வளைந்து, தொளதொளவென்று நின்றது. அவருக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

ஹேண்டிலை நேராக வைத்தார். குழாயைக் கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக இழுத்துப் பிடித்தார். நறுக்.

"ஏன் அண்ணாச்சி இவ்வளவு வெட்டுதீய?"

"மிச்சம் எதுக்கு தாயி? தேவைக்கு மேல இருக்கிறதெல்லாம் பற்று."

அம்மா வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

தில்லைநாயகம் சைக்கிளை முற்றத்தில் நேராக உருட்டிப் பிரேக்கை அழுத்தினார். சக்கரம் கப்பென்று நின்றது. இன்னொரு தரம் உருட்டினார். கப். கண்ணில் நீரே வந்துவிட்டது மனுஷனுக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டிக்கு முதல் தடவையிலேயே பாஸ் போட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

"நீங்களே ஓட்டுங்க அண்ணாச்சி. நான் பின்னால கேரியர்ல உக்காந்துக்கிடுதேன்."

"நீங்களா தாயி?"

"பிரேக் இன்ஸ்பெக்டர் போட்ட பிரேக். எனக்கென்ன பயம்?"

மேட்டிலிருந்து பாதை நேராக இறங்கியது. சைக்கிள் காற்றாய்ப் பறந்தது. பாதி இறக்கத்தில் தில்லைநாயகம் பிரேக்கை ஒரு அழுத்து அழுத்தினார். சொன்ன பேச்சைக் கேட்டது. அம்மாவின் நெற்றி அவர் முதுகில் முட்டியது.

"பாத்தீயளா தாயி! காவியில மேல்துண்டும் உண்டுல்லா?"

"பாதையைப் பாருங்க அண்ணாச்சி."

அடிவாரத்தில் புளியமரம். அதன் கீழே பகவதி, கையில் தூக்குச்சட்டியோடு. அங்கே பாதை வலது பக்கம் வளைந்து ரோட்டில் சேர்கிறது.

அந்தப் பக்கமே பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தில்லைநாயகம் ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தார்.

பின்சக்கரம் தானாக நின்றது. சைக்கிள் மணலில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு சாய்ந்தது.

அம்மா பாதையோர வாய்க்காலில் போய் உட்கார்ந்தார், இடுப்பளவு தண்ணீரில். தில்லைநாயகம் பகவதியின் காலடியில் குப்புற விழுந்தார்.

"ஏன் அண்ணாச்சி பிரேக்கைப் பிடிச்சீய?" வாய்க்காலுக்குள்ளிருந்து கேட்டார் அம்மா.

"நான் பிடிக்கல தாயி! சத்தியமா கையே வைக்கல!"

"பின்ன யாரு பிடிச்சா?"

தில்லைநாயகம் எழுந்தார். முழங்கை சிராய்த்திருந்தது. சைக்கிளை நிமிர்த்தினார். பழைய இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டுவிட்டார்.

ஹேண்டிலை நேராக வைத்து உருட்டினார். சக்கரம் ஓடியது. வலப்பக்கம் ஒடித்தார். கறுப்புக் குழாய் விண்ணென்று இழுபட்டது. உள்ளே இருந்த ஒயர் இறுக, பிரேக் கட்டைகள் சக்கரத்தைக் கவ்விக்கொண்டன. நேராக்கினார். விட்டது. ஒடித்தார். கவ்வியது.

அவருக்கு முகம் செத்துவிட்டது.

"நேரா போனா சரியாத்தான் இருக்கு. திரும்புறதுக்குத்தான் மிச்சம் விடல" என்றார், யாரிடமோ சொல்வது போல.

பகவதி கைகொடுக்க, அம்மா கரையேறிச் சேலையைப் பிழிந்தார். "பிரேக்கும் பிடிச்சுட்டு, ரோட்டுக்கும் வந்துட்டோம். நான் சொன்ன சொல் மாறமாட்டேன். மேலே வாங்க, இப்பவே காவி தாரேன்."

தில்லைநாயகம் விறைத்து நின்ற அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனி சிவந்தது. உதடு கோணியது. அவ்வளவு பெரிய மனுஷன், ரோட்டோரத்தில் நின்று விசும்பத் தொடங்கிவிட்டார்.

"ஏளா பகவதி" என்றார். "உலகம்மை எப்படி இருக்கா?"

பகவதி எத்தனையோ வெள்ளிக்கிழமையாகத் திட்டுவதற்கென்றே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். நாக்குப் பிடுங்குகிற மாதிரிக் கேட்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"விடியக்காலம் வலி எடுத்துட்டு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு" என்றாள். "முழங்கையில ரத்தம் வருது பாருங்க."

பஸ் வந்தது. ரெண்டு பேரும் ஏறினார்கள். பஸ் நகர்ந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினார்.

"தாயி! வரும்போது புதுக் குழாய் வாங்கிட்டு வாரேன்! எவ்வளவு நீளம் வேணும்?"

அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கியிருந்தார். ஈரச் சேலை காலைத் தடுக்கியது.

"நிறையவே வாங்குங்க அண்ணாச்சி. வெட்டுறதை நான் பாத்துக்கிடுதேன்."